மாதுளைச் சட்டிக்குப் பின்னால்

எனக்குக் கை சும்மா இருக்காது. பெருமைக்காகச் சொல்லவில்லை. வீட்டில் என்மீது சொல்லப்படும் முதல் குற்றச்சாட்டே அதுதான். பின்னேரம் தேத்தண்ணிக் கோப்பையோடு முற்றத்துக்கு இறங்குவேன். ஒரு பூச்சட்டி வெயிலைவிட்டுக் கொஞ்சம் விலகி நிற்பதாகப் படும். கோப்பையைப் படியில் வைத்துவிட்டு அதை நகர்த்துவேன். அதை நகர்த்தியதும் பக்கத்துச் சட்டி கோணலாகத் தெரியும். அரை மணித்தியாலம் கழித்து முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தால், ஆறிப்போன தேத்தண்ணியில் எறும்பு மிதக்கும்.

“உம்மட சட்டியளுக்கு ரூட் பேர்மிட் எடுக்கவேணும்,” என்பார் கணவர். “ஒண்டும் நிண்ட இடத்தில நிக்கிறேல்ல.”

நாங்கள் இருப்பது திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில். முற்றம் முழுக்கச் சீமெந்து. ஒரு பிடி மண்கூடக் கண்ணில் படாதபடி பூசி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்காரர் எங்களிடம் கதவுத் திறப்பைத் தந்தார். ஆகவே கறிவேப்பிலை, செவ்வரத்தை, பச்சைமிளகாய், இரண்டு தேசி, ஒரு அடுக்குமல்லிகை என்று என் தோட்டம் முழுவதும் மண்சட்டியில்தான். பாதிச் சட்டிகள் தோப்பூர்ச் சந்தையில் வாங்கி, வைக்கோல் சுற்றி, பஸ்ஸில் காலடியில் வைத்துக் கொண்டுவந்தவை. பிளாஸ்டிக் சட்டிகளை நான் வாங்குவதில்லை. இந்த வெயிலில் ஒரு வருடம் வெந்தால், பிறகு விரல் பட்டாலே நொறுங்கும்.

மண்சட்டி வேலை வாங்கும். புதுச்சட்டியை வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருவது நிற்கும்வரை ஊறவிட வேண்டும். ஊறாத சட்டி செடிக்கு ஊற்றும் தண்ணீரைத் தானே குடித்துவிடும். அடியில் உள்ள ஓட்டையை உடைந்த ஓட்டுத்துண்டால் மூட வேண்டும், ஆனால் அடைக்கக் கூடாது. சட்டிக்குக் கீழே மூன்று செங்கல் துண்டு வைக்க வேண்டும். வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானம் இருக்காது. அப்போது விரலை மடக்கிச் சட்டியின் இடுப்பில் தட்டிப் பார்ப்பேன். மண் காய்ந்திருந்தால் ‘டங்’ என்று கேட்கும். ஈரம் இருந்தால் ‘மொத்’ என்று கேட்கும். காலையில் நான் ஒரு டிஸ்பென்சரியில் நோயாளருக்கு நம்பர் துண்டு கொடுக்கும் வேலைக்குப் போகிறேன். போவதற்கு முன் எல்லாச் சட்டிகளையும் வரிசையாகத் தட்டிவிடுவேன். டொக்டருக்கு முதலே நீர் வேலையைத் தொடங்கிவிட்டீர் என்று கணவர் அதற்கும் ஒன்று சொல்வார்.

இதெல்லாம் எனக்குப் பிடித்த வேலை. பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான், அந்த உப்பு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர். சட்டி அதை உறிஞ்சி வெளியே விட, சிவப்பு மண்ணில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். தும்புக்கட்டையால் தேய்த்துக் கழுவினால் போகும், பத்து நாளில் திரும்ப வரும். அது செடிக்குப் பெரிய கெடுதல் இல்லை. பார்க்கும் எனக்குத்தான் கெடுதல். தேய்த்துத் தேய்த்து ஒருநாள் அலுத்துப்போனேன்.

பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்லாமல் மிச்சத்தைச் சொல்ல ஏலாது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நெஞ்சளவு மதில். அவள் கிண்ணியாக்காரி, கலியாணம் முடித்து எங்கள் தெருவுக்கு வந்தவள். என்னைவிடப் பத்து வயது இளமை. கணவர் மௌத்தாகி நான்கு வருடம். கணவரின் அக்காவோடும், அப்போது பதின்மூன்று வயதான தன் ஒரே மகளோடும் இருந்தாள். கிண்ணியாவில் அவளுக்குக் காணி இருக்கிறது, அதில் மகளுக்கென்று போட்ட வீடு அத்திவாரத்தோடு நிற்கிறது. அவர்களுக்குள் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் பேசுவார்கள். அந்த வீட்டைக் கட்டி முடிக்கத்தான் அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள், இரண்டு வருடத்துக்கு.

போவதற்கு முந்திய நாள் ஒரு பெரிய மண்சட்டியோடு மதிலடிக்கு வந்தாள். உள்ளே மாதுளை, என் இடுப்பளவு உயரம். இரண்டு பேருமாகத் தூக்கி மதிலுக்கு மேலால் இறக்கினோம்.

“மதினி தண்ணி ஊத்தமாட்டா அக்கா. நீங்க பாத்துக்கொள்ளுங்க,” என்றாள். பிறகு நான் நகர்த்திவிடுவேன் என்று தெரிந்துதானோ என்னவோ, “இந்த மதிலடியிலயே இரிக்கட்டும். இங்கால அங்கால மாத்தாதீங்க,” என்றாள்.

மகள் மறுநாள் வழியனுப்ப வரவில்லை. அறைக்குள் இருந்துகொண்டாள். உம்மாவை ஏற்றிக்கொண்டு வான் போன பிறகும் கதவைத் திறக்கவில்லை. அதன் பிறகு உம்மா குவைத்திலிருந்து கோல் எடுக்கும்போதெல்லாம் மதினி, அதாவது பிள்ளையின் மாமி, கூப்பிடுவதும், “வரமாட்டாவாம்” என்று மாமி போனில் சொல்வதும் மதிலுக்கு மேலால் எனக்குக் கேட்கும். வீடு யாருக்காக என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். தெரிந்தும் அவளுக்குக் கோபம். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது, அதைப் பற்றி மேலே யோசிக்கவில்லை.

அங்கே வேலை செய்யும் வீட்டில் அவளுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் போன் கையில் கிடைக்கும். முதல் வெள்ளியே எனக்குக் குரல் செய்தி வந்தது. “மாதுளையப் படம் எடுத்து அனுப்புங்க அக்கா. பின்னேரம் எடுங்க. குசினிப் படியில நிண்டு மதிலப் பாத்து எடுங்க.”

எனக்கு உடனே எரிச்சல் வந்தது. நாங்கள் சமைக்கும் குசினியின் படிக்கு நேர் எதிரே அந்த மதில்; பின்னேரம் வெயில் அதற்கு அந்தப் பக்கம் இருந்து வரும். அதைப் பார்த்துக்கொண்டு எடுத்தால் செடி கறுப்பாகத்தான் விழும். காலையில் நல்ல வெளிச்சத்தில், இலை பூ எல்லாம் தெளிவாகத் தெரிய எடுத்து அனுப்பினேன். “நல்லம் அக்கா. வாற கெழமை பின்னேரம் எடுங்க,” என்று பதில் வந்தது. சரி, ஆளுக்கு ஆள் ஒரு விருப்பம் என்று விட்டுவிட்டேன். பிறகு ஒவ்வொரு வெள்ளியும் பின்னேரம் குசினிப் படியில் நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கறுப்பு மாதுளையைப் படம் எடுத்தேன். ஒரு தடவைக்கு மூன்று நான்கு எடுப்பேன், ஒன்றை அனுப்புவேன்.

ஏழு மாதம் இப்படிப் போனது. பிறகு கச்சான் காற்றோடு உப்பும் அதிகமாகி, எனக்கு அந்த அலுப்பு வந்தது.

என் கணவர் கடற்கரையில் படகு திருத்தும் கொட்டிலில் வேலை செய்கிறார். எங்கள் தெருவில் எது துருப்பிடித்தாலும் உப்புப் பிடித்தாலும் மருந்து ஒன்றுதான், படகுப் பெயின்ட். கேற், கிணற்றுக்கட்டு, ஜன்னல் கம்பி எல்லாம் ஏதோ ஒரு படகின் மிச்ச நிறம். எங்கள் வீட்டுப் பின்பக்கத்திலும் அடியில் கொஞ்சம் மிஞ்சிய தகரங்கள் எப்போதும் கிடக்கும். ஒரு விடுமுறை நாளில் அதில் ஒரு சிவப்புத் தகரத்தைத் திறந்தேன். மண்ணின் நிறத்துக்கு நல்ல பொருத்தம். ஐந்து சட்டிகளை எடுத்துக்கொண்டேன். நான்குக்கு வெளியே மட்டும் ஒரு பூச்சு. மாதுளைச் சட்டிக்குத்தான் அதிக கவனம், அது அடுத்தவள் நம்பித் தந்தது அல்லவா. செடியை மண்ணோடு மெல்லக் கழற்றிச் சாக்கில் வைத்து, சட்டிக்கு வெளியே இரண்டு பூச்சு, உப்பு உள்ளேயிருந்துதானே வருகிறது என்று உள்ளேயும் இரண்டு பூச்சு பூசினேன். காற்றில் மளமளவென்று காய்ந்தது. செடியைத் திரும்ப வைத்தேன். சட்டி புதுப் பெண்ணைப்போல் நின்றது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலையில் தட்டிப் பார்த்தேன். ‘மொத்’ என்றது. அடுத்த நாளும் ‘மொத்’. நான்காம் நாளும் அதே சத்தம். ஈரம் நன்றாக நிற்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் ஊற்றாமல் விட்டேன், பிறகு பயந்து நிறைய ஊற்றினேன். பெயின்ட் பூசிய சட்டி ஈரத்துக்கும் காய்வுக்கும் ஒரே பதில்தான் சொல்லும் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

இரண்டு கிழமையில் இலை மஞ்சளாகியது. மூன்றாம் கிழமை கொட்டத் தொடங்கியது. கணவரிடம் காட்டினேன். அவர் சட்டியின் விளிம்பை நகத்தால் சுரண்டினார், தகரத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார்.

“உள்ளுக்குமா பூசினீர்?”

“ஓம்.”

“இது படகின்ட அடிக்குப் பூசுறதப்பா. பாசி, சிப்பி பிடியாம இருக்க மருந்து கலந்தது. சிப்பியையே ஒட்டவிடாதது வேரைச் சும்மா விடுமே?” தகரத்தை மூடிக் கீழே வைத்தார். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை கதைத்துச் சமாளித்திருப்பேன்.

செடியைப் பிடுங்கினேன். வேரைக் கழுவினேன். ஊறவைத்த வேறு சட்டியில் புது மண் போட்டு நட்டு, நிழலில் வைத்து ஈரச்சாக்குச் சுற்றினேன். அதோடு விட்டிருக்க வேண்டும். என்னால் விட முடிந்தால்தானே. இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளப்பி வேர் வெள்ளையாக வருகிறதா என்று பார்த்தேன். டிஸ்பென்சரியில் நம்பரை மாற்றிக் கொடுத்து ஏச்சு வாங்கினேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே முற்றத்துக்கு ஓடினேன். அந்த மாதுளை செத்ததில் பெயின்டுக்குப் பாதி, என் கைக்குப் பாதி.

இதற்குள் வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருந்தது. வெள்ளி வராமல் இருக்காதே. என்ன செய்ய? போனில் பழைய படங்கள் இருந்தன. பெயின்ட் பூசுவதற்கு முந்திய வெள்ளி எடுத்த நான்கில் அனுப்பாத மூன்று. அதில் ஒன்றை அனுப்பினேன். அடுத்த வெள்ளி இன்னொன்று. அதற்கடுத்த வெள்ளி, கொஞ்சம் சரிந்து விழுந்த மூன்றாவது. செடி தளிர்த்துவிடும், பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் பொய் சொல்கிறவள் இல்லை என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு. வாயால் சொல்லவில்லைத்தானே, படம்தானே அனுப்பினேன் என்று அந்த எண்ணத்தையும் காப்பாற்றி வைத்திருந்தேன்.

முதல் படத்துக்கு “நல்லம் அக்கா” என்று பதில் வந்தது. இரண்டாவதுக்கு, “வேற ஒண்டுமில்லயே அக்கா?” மூன்றாவதைப் பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது, பதில் வரவில்லை. அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று விளங்கியது. மாதுளையைப் பற்றித்தான் என்று நினைத்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் இருக்கையில் இருக்க முடியவில்லை. முற்றத்தில் ஒரு சட்டியையும் நான் விட்டுவைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வேலை முடிந்து வந்து சோற்றில் கை வைத்த நேரம் போன் அடித்தது. அவள்தான். செவ்வாயில் அவளுக்குப் போன் கிடைக்காது. இடது கையால் எடுத்தேன்.

“அக்கா, அல்லாவுக்காக உண்மையச் சொல்லுங்க. என்ட புள்ளக்கி என்ன நடந்த?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “எந்தப் பிள்ளை? உங்கட மகளோ? அவ நல்லா இருக்கிறா தங்கச்சி.”

“பொய் சொல்லாதீங்க. மூணு கெழமயா ஒரே படத்தத்தான் மாத்தி மாத்தி அனுப்புறீங்க.” அழுகையில் குரல் உடைந்து உடைந்து வந்தது. “அதே பச்ச விரிப்பு, அதே மடிப்பு. ஒரு கிளிப் ஒடஞ்சு தொங்குது, அதுவும் அதே இடத்துல. இண்டக்கி எடுத்தா கொடியில அவட உடுப்பு இரிக்காது எண்டுதானே பழசு அனுப்புறீங்க? ஆஸ்பத்திரியிலயா? சொல்லுங்க.”

நான் சோற்றுக் கையோடு படியில் இருந்துவிட்டேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய உடுப்புக் கொடி. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகள் தன் வெள்ளைச் சீருடையைத் தோய்த்து அதில் போடுவாள். நீளச் சட்டை, காற்சட்டை, தலையை மூடும் பர்தா. குசினிப் படியில் நின்று, பின்னேரம், மதிலைப் பார்த்து மாதுளையை எடுத்தால், அதற்குப் பின்னால் அந்தக் கொடியும் விழும். மகள் போனுக்கு வருவதில்லை. மதினியிடம் பிள்ளையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால், என்னை நம்பவில்லையா என்று குறை வரும். என்னிடம் நேரே கேட்டால், மதிலுக்கு மேலால் வேவு பார்க்கச் சொன்னதாகப் போகும். ஆகவே அவள் செடியைக் கேட்டாள். ஏழு மாதமாக அவள் பார்த்துக்கொண்டிருந்தது தன் பிள்ளையின் ஈர உடுப்பை. நான் அவளுக்கு வெளிச்சத்தைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

“மாதுளை பட்டுப்போச்சு தங்கச்சி,” என்றேன். “நான்தான் பழுதாக்கினனான். சட்டிக்குப் படகுப் பெயின்ட் பூசிப்போட்டன். சொல்லப் பயத்தில பழைய படம் அனுப்பினனான். பிள்ளைக்கு ஒண்டுமில்ல, சத்தியமா ஒண்டுமில்ல. இண்டைக்குக் காலமையும் பள்ளிக்குப் போறதைக் கண்டனான்.”

அந்தப் பக்கம் யாரோ அரபியில் ஏதோ சொல்லும் குரல் தூரத்தில் கேட்டது.

“மாதுளயா?” என்றாள். “மாதுளதானா அக்கா?”

“ஓம்.”

அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. போன் வெட்டுப்பட்டது. நான்கு இரவும் பகலும் அவள் அந்நிய வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டு என்னென்ன நினைத்திருப்பாள் என்று யோசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று நான் சாப்பிடவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு மதிலடிக்குப் போனேன். கொடியில் மாமியின் சேலை ஒன்று மட்டும் கிடந்தது. பள்ளி விடும்வரை அங்கேயே நின்றேன். மகள் வந்தாள், முகம் கழுவினாள், நான் நிற்பதைப் பார்த்துச் சும்மா ஒரு சிரிப்புச் சிரித்தாள். பிறகு, செவ்வாயாக இருந்தும் என் நல்ல காலத்துக்கு, மை கொட்டிய பர்தாவைத் தோய்த்துச் சீருடையோடு கொண்டுவந்து கொடியில் போட்டாள். அவள் உள்ளே போனதும் குசினிப் படிக்கு ஓடினேன். இலையில்லாத மாதுளைக் குச்சியைப் பழைய இடத்துக்கு இழுத்து வைத்து, வெயிலைப் பார்த்துக்கொண்டு எடுத்தேன். படத்தில் குச்சி கறுப்பாகவும் கொடி பளீரென்று வெள்ளையாகவும் விழுந்தன. அப்படியே அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமைதான் பதில் வந்தது. செடியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

“காச்சட்ட கட்டயாப் போச்சு அக்கா. வளந்துட்டா.”

அந்தக் குரல் செய்தியை எத்தனை தடவை கேட்டேன் என்று சொல்லமாட்டேன். கணவரும் கேட்டார். கேட்டுவிட்டு எழும்பிப் போய், பின்பக்கத்தில் கிடந்த பெயின்ட் தகரங்களை எல்லாம் ஒரு சாக்கில் போட்டுக் கட்டினார்.

மாதுளை பிறகு தளிர்க்கவில்லை. கீழ்த் தண்டைச் சுரண்டிப் பார்த்தேன், உள்ளும் புறமும் காய்ந்திருந்தது. பெயின்ட் பூசிய அந்தப் பழைய சட்டியை மண் போட்டுத் தேய்த்தும், கத்தியால் சுரண்டியும் பார்த்தேன். மண்சட்டி ஒருமுறை குடித்ததைத் திருப்பித் தராது. அதில் இனி எதையும் வளர்க்க ஏலாது. கழுவி, மதிலடியில் அதே இடத்தில் கவிழ்த்து வைத்தேன். என் வீட்டில் நான் நகர்த்தாத ஒரே சட்டி அதுதான். ஒவ்வொரு வெள்ளியும் பின்னேரம் குசினிப் படியில் நின்று அதைப் படம் எடுத்தேன்.

நான்காவது வெள்ளி போலிருக்கும். மகள் கொடியில் உடுப்பைக் கொழுவிவிட்டு மதிலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“அன்ரி, அந்தச் செடி செத்துப்போச்சுதானே. வெறுஞ் சட்டிய ஏன் ஒவ்வொரு கெழமையும் படம் எடுக்குறீங்க?”

பிறகு வந்த ஒரு குரல் செய்தியில், கொடியைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று உம்மா கேட்டிருந்தாள், மதினிக்கும் சரி, பிள்ளைக்கும் சரி. எனக்கு நல்ல பொய் ஒன்றும் உடனே வரவில்லை. பொய்யில் பட்டதும் போதும் என்றிருந்தது.

“உங்கட உம்மா கேட்டவ,” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவள் கவிழ்ந்திருந்த சட்டியைப் பார்த்தாள். நான் நின்ற படியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பித் தனக்குப் பின்னால் இருந்த கொடியைப் பார்த்தாள். எனக்கு ஏழு மாதத்துக்கு மேல் பிடித்தது அவளுக்கு ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அந்தக் கிழமை முழுவதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோபத்தில் இனிக் கொடியை முன்பக்கம் மாற்றிக் கட்டிவிடுவாளோ, உடுப்பை அறைக்குள் காயப்போடுவாளோ, அங்கே உம்மா மறுபடி என்ன நினைப்பாளோ என்று முற்றத்தில் நடந்துகொண்டே இருந்தேன்.

வெள்ளி பின்னேரம் போனோடு படிக்கு வந்தேன். மகள் கொடியடியில் நின்று உடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். சட்டை, காற்சட்டை, பர்தா. வாளி வெறுமையாகிவிட்டது. அவள் உள்ளே போகவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கனவே போட்டிருந்த கிளிப்பைக் கழற்றித் திரும்பப் போட்டாள்.

அவசரத்தில் முதல் படம் ஆடிவிட்டது. நான் இரண்டாவது எடுத்து முடிக்கும்வரை அவள் அங்கேயே நின்றாள்.